எட்டு நாள் விடுமுறை, இரண்டரை நாள் கடல்

மூன்றாம் நாள் இரவு நான் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மல்லாந்து படுக்க வழியில்லை. தோள்பட்டையிலிருந்து கணுக்கால் வரை உடம்பின் பின்பக்கம் முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது. போர்வை பட்டால் எரிச்சல், காற்று பட்டால் நடுக்கம். பதினொரு மணிக்கு விடுதியில் மின்னாக்கியை நிறுத்தினார்கள், மின்விசிறியும் நின்றது. ஐம்பது அடி தள்ளிக் கடல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும் என்றுதான் கூடுதல் வாடகை கொடுத்து அந்த அறையைப் பிடித்திருந்தேன். அன்றிரவு அதை யாராவது நிறுத்திவைத்திருந்தால் அதற்கும் தனியாகப் பணம் கொடுத்திருப்பேன்.

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குத் தனியாகப் போன கதை இது. தீவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவறு தீவின்மேல் இல்லை, பெரும்பகுதி என்மேல்தான். எட்டு நாள் விடுமுறையில் முதல் நாள் துறைமுக ஊரிலேயே கழிந்தது. அடுத்த அரை நாள் படகு. வெந்த முதுகோடு இரண்டு நாள் அறைக்குள். ஒரு நாள் விடாத மழை. கடைசி நாள் காத்திருப்பு. கழித்துப் பார்த்தால் கடலுக்கு மிஞ்சியது இரண்டரை நாள். பணத்தில், மொத்தச் செலவின் மூன்றில் ஒரு பங்கு எதற்கும் உதவாமல் போனது. இத்தனைக்கும் நான் திட்டமிடாமல் கிளம்பியவள் அல்ல. மூன்று மாதம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். எந்தக் கடற்கரையில் எந்த நேரத்தில் வெளிச்சம் அழகாக விழும் என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். கடைசிப் படகைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதவில்லை.

முதல் தவறு மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்கியது. விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்த வாரத்தைப் பிடித்தேன். அது ஏன் மலிவு என்று கேட்டுக்கொள்ளவில்லை. வெப்பமண்டலத்தில் வருடம் முழுவதும் வெயில்தானே என்று ஒரு நினைப்பு. அங்கே குளிர்காலம் இல்லை என்பது உண்மை, மழைக்காலம் இருக்கிறது. அதுவும் நாட்டுக்கு நாடு அல்ல, கரைக்குக் கரை மாறும். தாய்லாந்தை எடுத்துக்கொண்டால் மேற்குக் கடலில் இருக்கும் புக்கெட்டுக்கு மே முதல் அக்டோபர் வரை மழை. அதே நாட்டின் கிழக்குப் பக்கத்துக் கோ சமுய் தீவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பாலித் தீவில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. கரீபியன் பகுதியில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். ஆகவே நாட்டின் பெயரைப் போட்டு வானிலையைத் தேடாதீர்கள்; போகும் தீவின் பெயரைப் போட்டு, போகும் மாதத்தைப் பாருங்கள். மழையின் அளவைவிடக் காற்றையும் அலையையும் பாருங்கள் என்று இப்போது சொல்வேன். மழை பெய்தால் நனையலாம், ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடலாம். காற்று பிடித்தால் படகு நிற்கும், கடலடி கலங்கும், குளிக்கவும் விடமாட்டார்கள். இரு பருவத்துக்கும் இடைப்பட்ட மாதத்தில் மலிவாகப் போவது பிழையில்லை. ஆனால் ஒன்றிரண்டு நாள் வீணாகலாம் என்று தெரிந்தே போக வேண்டும். எனக்குத் தெரியாது.

கிளம்புவதற்குப் பதினொரு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். காலாவதியாக ஐந்து மாதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. நான் போகவிருந்த நாடும் கேட்டது. அவசரக் கட்டணம் செலுத்தி, இரண்டு நாள் அலைந்து, புதியது கைக்கு வந்தபோது மூன்று நாள்தான் மிச்சம். அந்தப் பதற்றத்தில்தான் பெட்டி கட்டினேன். அதன் பலனைப் போகப் போகச் சொல்கிறேன்.

இனிப் படகு. விமானம் மாலை மூன்று மணிக்கு இறங்கும். கடைசிப் படகு ஐந்து மணிக்கு. இரண்டு மணி நேரம் தாராளம் என்று எண்ணியிருந்தேன். விமானம் ஒரு மணி நேரம் தாமதம். குடியேற்றச் சோதனையில் நீண்ட வரிசை. விமான நிலையத்திலிருந்து துறை முக்கால் மணி நேரத் தொலைவு. நான் துறையில் இறங்கியபோது மணி ஐந்தரை, எதிரே வெறும் தண்ணீர். பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வரும் என்று பழகிய மனத்துக்கு, கடலில் அடுத்தது நாளைக்குத்தான் என்பது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிறு படகுகள் இருட்டில் ஓடுவதில்லை. ஓட்டுகிறேன் என்று யாராவது தனியாக அழைத்தால் அதில் ஏறவும் கூடாது. அழைத்தார்கள். நான் ஏறவில்லை. அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று நினைக்கிறேன். துறைமுக ஊரில் கிடைத்த அறையில் தங்கினேன். தீவில் முன்பணம் கட்டிய முதல் இரவும் போயிற்று, இந்த அறை வாடகையும் போயிற்று. விடுதிக்கு எழுதினால், வராத இரவுக்குப் பணம் திருப்புவதில்லை என்று பணிவாகப் பதில் வந்தது. நியாயந்தான், விதிமுறையில் அப்படித்தான் இருந்தது. படிக்காதது நான்.

இதற்கு என் இப்போதைய முறை எளிது. திட்டத்தைக் கடைசித் துண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போடுகிறேன். முதலில் படகு, அது எத்தனை மணிக்கு, எந்தக் கிழமைகளில் ஓடுகிறது, காற்றடித்தால் நிறுத்துவார்களா என்பது. அதற்குப் பிறகுதான் விமானம். விமானமும் படகும் ஒரே டிக்கெட்டில் இணைந்தவை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று தாமதமானால் மற்றொன்று உங்களுக்காகக் காத்திருக்காது, நட்டத்தை யாரும் ஏற்கவும் மாட்டார்கள். காலையில் இறங்கும் விமானம் கிடைத்தால் அன்றே தீவுக்குப் போகலாம். மாலையில் இறங்குவதாக இருந்தால் முதல் இரவுக்குத் துறையருகே அறை எடுத்துவிட்டு, தீவின் அறையை மறுநாளிலிருந்து பதிவு செய்யுங்கள். தவறவிட்டு அலைவதைவிட அது மலிவு. அதற்கு நான் சாட்சி.

மறுநாள் காலைப் படகு. மாத்திரை இருந்தது, போட்டுக்கொண்டேன், படகு கிளம்பிய பிறகு. கடல் குமட்டலுக்கான மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும்; குடல் புரளத் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்தே வெளியே வரும். படகின் முன்பகுதியில் காட்சி நன்றாயிருக்கும் என்று போய் உட்கார்ந்தது அடுத்த மடத்தனம். முன்பகுதிதான் அதிகம் எழுந்து விழும். நடுவிலோ பின்பக்கமோ உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி தப்பிக்கலாம். தீவை நெருங்கியதும் படகு நின்றது. துறை எதுவும் இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி நடந்து கரையேற வேண்டும். என்னிடம் இருந்தது சக்கரம் வைத்த பெட்டி. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, முட்டிவரை சுருட்டிய ஜீன்ஸோடு, அலை இடிக்க இடிக்க நடந்தேன். கரையேறியபின் மணலில் சக்கரம் உருளவில்லை, உழுதது. விடுதிவரை ஏர் ஓட்டியதுபோல் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. நனைந்த அந்த ஜீன்ஸ் கடைசி நாள்வரை காயவே இல்லை. காற்றில் அவ்வளவு ஈரம்.

தோளில் மாட்டும் பை ஒன்று, அதற்குள் துணியைச் சுற்ற நீர்புகாப் பை ஒன்று போதும் என்பது அப்போது புரிந்தது. வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டும் வகை, பத்து லிட்டர் அளவு, பாஸ்போர்ட்டுக்கும் கைப்பேசிக்கும் போதுமானது. துணியில் பருத்தி பார்க்கத்தான் இதம். தீவின் ஈரக்காற்றில் காயாது, மூன்றாம் நாள் வாடை வரும். மெல்லிய செயற்கை இழைத் துணி ஒரே இரவில் காய்கிறது. நீச்சல் உடை இரண்டு வேண்டும். ஒன்று காயும்போது மற்றொன்று. ஈரத் துணியைத் தனியாகப் போட நான்கைந்து உறைகள். நான் கொண்டுபோனவற்றில் தொடாமலே திரும்பியவை: இரண்டாவது ஜீன்ஸ், குதிகால் செருப்பு, மூன்று மேலாடைகள், சுருக்கம் எடுக்கும் பெட்டி. கடலுக்காக அல்ல, கடலோரம் நின்று எடுக்கப்போகும் படங்களுக்காகத்தான் பெட்டி கட்டியிருக்கிறேன் என்று அங்கே அதைத் திறந்து பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

அறை நன்றாகவே இருந்தது. படத்தில் பார்த்ததேபோல் வாசலில் மணல், இரண்டு தென்னை. கடலைத்தான் காணவில்லை. படத்தில் நீலமாக நிறைந்திருந்த இடத்தில் முந்நூறு அடிக்குச் சேறும் கடற்புல்லும் கல்லும். அதற்கப்பால் எங்கோ ஒரு கோடு பளபளத்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துப்போய்ச் சாவி கொடுத்த அம்மாவிடம் கையைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையால் தண்ணீர் ஏறுவதுபோல் காட்டிச் சுவர்க் கடிகாரத்தில் எட்டைத் தொட்டார். கடல் வற்றம். ஏமாற்று ஒன்றும் இல்லை, படம் ஏற்றத்தின்போது எடுத்தது, அவ்வளவுதான். பெரும்பாலான கரைகளில் நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நான் போய்ச் சேர்ந்தது பௌர்ணமிக்கு மறுநாள். ஆழமில்லாத பவளத்திட்டு சூழ்ந்த கரைகளில் வற்றத்தின்போது நீந்தவே முடியாது. பதிவு செய்யும்முன் விடுதியிடம் கேட்க வேண்டிய கேள்வி, கடல் எத்தனை அடியில் இருக்கிறது என்பதல்ல. வற்றத்தின்போதும் வாசலிலிருந்து நீந்த முடியுமா என்பதுதான். கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் தேதிவாரியாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்து வைத்துக்கொண்டால் எந்தப் பொழுது கடலுக்கு, எந்தப் பொழுது தூக்கத்துக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

பொறுமையில்லாமல் நான் அந்தக் கோட்டை நோக்கி வெறுங்காலோடு நடந்தேன். பாதி வழியில் பவளம் உள்ளங்காலைக் கீறியது. சின்னக் கீறல்தான், ஆனால் ஊர் திரும்பியும் பத்து நாள் ஆறவில்லை. பவளக் கீறலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உள்ளே தங்கிவிடும். நல்ல தண்ணீராலும் சோப்பாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தடவ வேண்டும். நான் கடல்நீரில் அலசிவிட்டுச் சும்மா இருந்தேன். கடலுக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் அடிக் காலணி ஒன்று இருந்திருந்தால் இது இல்லை. உடம்பெல்லாம் முள்ளான கடல்முள்ளிக்கும் அதுதான் காப்பு. காலணி இருக்கிறதே என்று உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், ஒரு மிதியில் உடைவது வளரப் பல வருடம் ஆகும்.

மூன்றாம் நாள் காலை மேகமூட்டம். நல்லதாயிற்று, வெயில் இல்லை என்று மகிழ்ந்தேன். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கவிழ்ந்து மிதக்கத் தொடங்கியவள் பன்னிரண்டரைக்குத்தான் எழுந்தேன். கீழே மீன்கள் ஒன்றை ஒன்று துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் தெரியாது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்ததால் தோல் வேகுவதும் தெரியவில்லை. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை கீழே விட்டுவிடும். அரை மீட்டர் ஆழத்திலும் அதில் 40 சதவீதம் இருக்கும். வெப்பமண்டலத்தில் நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம்; அந்த அளவைத்தான் மிகக் கடுமையானது என்கிறார்கள். இதில் மிதப்பவர்களுக்கு ஒரு தனி ஆபத்து: மூன்றரை மணி நேரமும் உடம்பின் ஒரே பக்கம் மேலே இருக்கும். முழங்காலின் பின்மடிப்பும் பிடரியும் வேகும் என்று யாருக்குத் தோன்றும்?

சன்ஸ்கிரீன் தடவாமல் போகவில்லை. தடவிய அளவுதான் பிழை. விமானத்தில் கைப்பெட்டி மட்டும் என்ற மலிவு டிக்கெட். கைப்பெட்டியில் எந்தத் திரவப் புட்டியும் 100 மில்லியைத் தாண்டக் கூடாது என்பது பரவலான விதி. அதனால் 50 மில்லிப் புட்டி ஒன்று எடுத்துப்போனேன், எட்டு நாளுக்கு. வளர்ந்த ஒருவர் உடம்பு முழுக்க ஒரு முறை ஒழுங்காகத் தடவுவதற்கே ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து எழுந்த பிறகும் மறுபடி தடவ வேண்டும். கணக்குப் போட்டால் என் புட்டி ஒரு காலைக்கே காணாது. எஸ்பிஎஃப் 50 என்று போட்டிருந்தது ஒரு தைரியம். தோலை எரிக்கும் கதிரில் 30 உள்ளது ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 உள்ளது 98. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. தாராளமாகத் தடவுவதும் திரும்பத் தடவுவதும்தான் வேறுபாடு. தனியாகப் போனவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முதுகின் நடுப்பகுதிக்குக் கை எட்டாது. என் முதுகில் கை எட்டிய இடமும் எட்டாத இடமும் தேசப்படம் போல எல்லை பிரிந்து தெரிந்தன.

மாலையில் காய்ச்சல். இரவில் கொப்புளம். காலையில் சாவி கொடுத்த அந்த அம்மா என்னைப் பார்த்ததும் தம் மொழியில் திட்டினார். ஒரு சொல் புரியாமலே எல்லாம் புரிந்தது. சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். செவிலியர் கொப்புளத்தை உடைக்காதே, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போடு, தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தலைகாட்டாதே என்று சைகையில் சொல்லிக் களிம்பு கொடுத்தார். நடுக்கத்தோடு காய்ச்சலோ தலைச்சுற்றலோ, பெரிய பரப்பில் கொப்புளமோ வந்தால் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும், தாங்கிக்கொள்கிறேன் என்று படுத்திருக்கக் கூடாது. நான் ஓர் இரவைத் தாங்கிக்கொண்டு வீணாக்கினேன். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அந்த அறையின் கூரையைக்கூடப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். அழுதேன் என்று சொல்வதில் என்ன வெட்கம், இரண்டு முறை அழுதேன். வலிக்காக ஒரு முறை. ஜன்னல் வழியே மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நீந்துவதைப் பார்த்து ஒரு முறை.

இப்போது என் பையில் முதலில் போவது முழுக்கை நீச்சல் மேலாடையும் முழங்காலுக்குக் கீழ் வரும் கால்சட்டையும். அதில் யுபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் ஐம்பதில் ஒரு பங்குக் கதிர்தான் உள்ளே வரும், கழுவியும் போகாது, கை எட்டாத முதுகையும் பார்த்துக்கொள்ளும். அப்போது சன்ஸ்கிரீன் களிம்பு முகம், கழுத்து, புறங்கை, பாதத்துக்கு மட்டும் போதும், ஒரு புட்டி ஒரு வாரம் வரும். எந்தக் களிம்பு என்பதும் முக்கியம். பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடை செய்தது. பலாவு நாடு அதற்கு ஒரு வருடம் முன்பே பவளத்துக்குத் தீங்கான களிம்புகளுக்குத் தடை போட்டது. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு உள்ளதாகப் பார்த்து ஊரிலேயே வாங்குங்கள். தீவில் ஒரே ஒரு கடை. அங்கே இருந்த ஒரே புட்டிக்கு, நான் ஊரில் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு விலை. மூடியில் தூசி, காலாவதி ஆண்டு அழிந்திருந்தது.

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பைத்தான் நான் முதலில் கைவிட்டிருக்க வேண்டும். அறையில் முடங்கிய ஐந்தாம் நாள், எதிர்பார்த்ததற்கு ஒரு வாரம் முன்னதாக மாதவிலக்கு வந்தது. அலைச்சலோ காய்ச்சலோ, எதுவோ காரணம். நாப்கின் எடுத்துவரவில்லை, தேதி இல்லையே என்று. அந்தக் கடையில் இல்லை. அந்த அம்மாதான் தம் மகளிடமிருந்து வாங்கித் தந்தார். தேதி இருக்கிறதோ இல்லையோ, எடுத்துப்போங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை, திரும்புவது மூன்று நாள் தள்ளிப்போனாலும் போதும் என்ற கணக்கில், மருத்துவர் சீட்டோடு எடுத்துப்போங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வலி மாத்திரை, கிருமிநாசினி, ஒட்டுத்துணி. கொசுவிரட்டியும் வேண்டும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, மாலையானதும் கொசுவலைக்குள் போய்விட்டால் போதாது. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் விரட்டி, இந்த வரிசையில் தடவ வேண்டும்.

பணத்திலும் இதே கதை. தீவில் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது, அதில் பணம் இல்லை. அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி போட நான் மறந்திருந்தேன். அதை மாற்றத் தேவையான கடவு எண் வரும் கைப்பேசியில் சிக்னல் இல்லை. கடையில் அட்டை எடுத்தாலும், உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம். படகில் ஏறும்முன் துறையிலேயே, சிறு நோட்டுகளாக, தேவைக்குமேல் பணம் எடுத்துவிடுவது நல்லது. டிக்கெட், பதிவுச் சீட்டு எல்லாம் மின்னஞ்சலில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். தாளில் ஒரு பிரதி, கைப்பேசியில் படமாக ஒரு பிரதி, வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி முன்பே இறக்கிவைத்தல். பவர் பேங்க் கைப்பெட்டியில்தான் போக வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாக விடுவார்கள். 20,000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 74 வாட்-மணி, மின்னாக்கி ஓடும் தீவில் இரண்டு நாள் தாங்கும். அந்த ஊர்ச் சுவர்த்துளைக்குப் பொருந்தும் மாற்றுச்செருகி இல்லாமல் இதெல்லாம் இருந்தும் பயனில்லை. கைப்பேசி நீர்புகாதது என்று விளம்பரத்தில் சொல்வது நல்ல தண்ணீரில் சோதித்துச் சொன்னது. உப்புநீரில் விழுந்தால் அணைத்துவிட்டு நல்ல நீரில் அலசிக் காயவிடுங்கள், உடனே மின்னேற்றக் கூடாது.

ஆறாம் நாள் மழை. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கினேன்.

ஏழாம் நாள். விடுதியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்திடமிருந்து முழுக்கைச் சட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன். பவளம் பார்க்கும் படகுக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்பதால் முதலிரண்டு முறை நான் கேட்டபோது மறுத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தோடு சேர்ந்ததும் படகும் கிடைத்தது. தனியாகப் போகிறவர்கள் முதல் நாளே பக்கத்து அறையோடு பேசிவிடுங்கள். நான் ஆறு நாள் தனிமையைப் பெருமையாகக் காத்தேன். நீந்தப் போகும்போது எந்தப் பக்கம், எப்போது திரும்புவேன் என்று விடுதியில் சொல்லிப் போவதும் அவசியம். அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அது குளிக்கும் இடம் என்று ஏமாறக் கூடாது. பெரும்பாலும் தண்ணீர் வெளியே இழுத்துப் போகும் வாய்க்கால் அது. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். அன்று ஓர் ஆமையைப் பார்த்தேன். அது என்னைப் பொருட்படுத்தாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. என் பணம் அத்தனையும் அந்த பத்து நிமிடத்துக்குத்தான் போயிற்று என்றாலும் சரி என்று அப்போது தோன்றியது. மறுநாள் அப்படித் தோன்றவில்லை.

எட்டாம் நாள் காலைப் படகு, இரவு விமானம். இடையில் பத்து மணி நேரம். வந்தபோது பட்டதில் கற்றுக்கொண்டதாக நினைத்திருந்தேன். காலையில் காற்று, படகு இல்லை என்றார்கள். மதியம் பார்க்கலாம் என்றார்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு படகு கிளம்பியது, வழியெல்லாம் மெதுவாக வந்தது. விமானம் போய்விட்டது. மறுநாள் காலை விமானத்துக்கு ஒரு வழிக்குக் கொடுத்த பணம், போய்வர முதலில் கொடுத்ததைவிட அதிகம். திரும்பும் முன் கடைசி இரவைத் துறையருகேயோ விமான நிலையத்தருகேயோ தங்கும்படி வைத்திருந்தால் இந்தச் செலவு இல்லை. பயணக் காப்பீடும் எடுக்கவில்லை. எடுப்பதானால் டிக்கெட் போட்ட கையோடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலால் வரும் நட்டத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஆழ்கடல் முக்குளிப்பில் இறங்குகிறவர்களுக்கு கடைசி நாளைக் காலியாக வைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது.

இரவு முழுக்க நாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலைச் சோதனையில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். காயாத ஜீன்ஸை எடுத்ததும் மேசையெல்லாம் மணல் கொட்டியது. அதன் பையிலிருந்து, நினைவுக்காக எடுத்துவைத்த பவளத்துண்டு ஒன்று விழுந்தது. கரையில் செத்துக் கிடந்ததுதானே என்று எடுத்தது. செத்ததானாலும் கடின வகைப் பவளம் நாடு கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும், பல இடங்களில் அபராதமும் உண்டு என்று எனக்குத் தெரியாது. அந்த அதிகாரி என் முகத்தையும் உரிந்துகொண்டிருந்த மூக்கையும் பார்த்துவிட்டு, அபராதம் எதுவும் கேட்காமல், மேசைக்கடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். தட்டு ஏற்கெனவே பவளத்தாலும் சங்காலும் சிப்பியாலும் நிரம்பியிருந்தது. என்னுடையதை வைக்க அவர் மற்றவற்றைக் கொஞ்சம் ஒதுக்க வேண்டியிருந்தது.